செல்வராஜ் வைத்த நட்சத்திரம்

போன மாதம் சேலம் ஃபேர்லேண்ட்ஸில் என் வீட்டுக்கு ஐம்பது வயதைத் தாண்டிய பெண் ஒருவர், சட்டம் போட்ட பழைய படமொன்றைச் சேலைத் தலைப்பில் மூடி எடுத்து வந்தார். பின்னட்டையைக் கழற்றியதும் மயில்துத்தம் கலந்த மைதாப் பசை வாசம். பூச்சி அரிக்காமலிருக்க நாங்கள் கலப்பதுதான். எழுபதுகளில் சேலத்து ஸ்டுடியோ ஒன்றில் நான் காமிராமேனாக இருந்தபோது, சோறு தின்னும் கையிலும் அந்த வாசம் அடிக்கும்.

படத்தில் இருந்தவர் அந்தப் பெண்ணின் அப்பா. மகள் நடக்கப் பழகுமுன்பே எல்லைச் சண்டையில் இறந்த பட்டாளத்துக்காரர்.

"காயிதமெல்லாம் அய்யனைப் பெத்த அப்பாரு பொட்டியில இருந்துச்சுங்க. கரையான் தின்னு போச்சு. எந்தப் பட்டாளம்னு தெரிஞ்சாப் போதுமுங்க. செத்தவங்களுக்கு அந்தப் பட்டாளத்துல நட்ட கல்லுல அய்யன் பேரும் வெட்டியிருப்பாங்களாமா. ஒருக்காத் தொட்டுப் பாத்துட்டு வந்துருவனுங்க."

தோளிலிருக்கும் சின்னத்தை வைத்துக் கண்டுபிடிக்கலாம் என்று யாரோ சொல்ல, விவரம் தெரிந்தவர்களிடமெல்லாம் காட்டியிருக்கிறார். தாமரைமேல் நட்சத்திரம். ரொம்ப அபூர்வம், எந்தக் காலத்தது என்றே தெரியவில்லை என்றார்களாம்.

எனக்குத் தெரிந்தது. 

அது எந்த ராணுவத்திலும் இல்லாத சின்னம். எங்கள் ஸ்டுடியோவின் டச்சிங் செல்வராஜ் வைத்தது. நெகட்டிவைக் கத்தியால் சுரண்டிப் பென்சிலால் தீட்டி, வழுக்கைக்கு முடி வைப்பார், மூளி மூக்குக்கு மூக்குத்தி குத்துவார். இறந்த சிப்பாய்களுக்கு முதலில் வெறும் நட்சத்திரம்தான் வைத்துக்கொண்டிருந்தார். போலீஸ்காரன் மாதிரி இருக்குது என்று வாழப்பாடிக்காரர் ஒருவர் முகம் சுளிக்க, அடியில் தாமரை சேர்ந்தது. எண்பதுகளில் செல்வராஜுக்குக் கண் மங்கியதும் தாமரைக்கு இதழ் குறைந்தது. இந்தப் படத்தில் இதழ் நிறைந்திருந்ததால் எழுபதுகளின் தொடக்கம். சிரிக்காதீர்கள், இதில் என்னை விட்டால் நிபுணன் கிடையாது.

அந்த நாளும் நினைவிருக்கிறது. திருச்செங்கோட்டுப் பக்கமிருந்து மாமனாரும் மருமகளும் வந்தார்கள். மருமகள் இடுப்பில் இந்தக் குழந்தை. கொண்டுவந்த உள்ளங்கையகலப் படத்தில், சிப்பாயின் தோளில் பித்தளை எழுத்துகள் மட்டும்.

"வெறுஞ்சிப்பாயாட்டமா ஊட்ல மாட்டறது? நட்சத்திரம் வெச்சுருங்க" என்றார் மாமனார்.

"அந்த எழுத்து இருக்கட்டுங்க மாமா. அவரு பட்டாளத்துப் பேருங்க அது."

"நீ சும்மாரு சாமி."

அதட்டவில்லை.  செத்த மகனைப் பெரிய ஆளாகப் பார்க்க அவருக்கு ஆசை. நான் காப்பி எடுத்த நெகட்டிவில் செல்வராஜ் எழுத்துகளைச் சுரண்டியெடுத்தார்.

இதையெல்லாம் சொல்லி முடித்தபோது அந்தப் பெண் படத்தின் தோளையே பார்த்துக்கொண்டிருந்தார். உடல் ஊர் வந்து சேரவில்லையாம். அதற்குப் பதிலாகத் துணிமணியோடு அந்தச் சின்னப் படத்தையும் காவிரிக்கரையில் வைத்து எரித்துவிட்டதாக அவருடைய அம்மா சொல்லியிருந்தாராம். சுரண்டிய தடத்தையாவது பார்க்கலாமென்றால், எங்கள் நெகட்டிவ்களை முதலாளி அவற்றிலிருக்கும் வெள்ளிக்காக எடைக்குப் போட்டுவிட்டார். ஸ்டுடியோ இருந்த இடத்தில் இன்று செல்போன் கடை.

"நீங்கதானுங்களே காப்பி எடுத்தீங்க? ஒரு எழுத்தாச்சும் ஞாபகமிருக்குதுங்களா?"

பெரிய காமிராவின் கண்ணாடியில் படம் தலைகீழாகத்தான் விழும். அதில் பளிச்சென்று தெரியும் இடமாகப் பார்த்து ஃபோகஸ் செய்ய வேண்டும். நான் அந்தப் பித்தளையைத்தான் பிடித்தேன். ஒவ்வொரு எழுத்தும் விளிம்பு பிசகாமல் வந்து நின்றது.

"ஆனா, என்ன எழுத்துன்னு படிக்கலீங்க அம்மணி" என்றேன்.