தாமதமாக வரும் பஸ்ஸும் என் பருப்பு வடையும்

கிள்ளானில் ஒரு பஸ் நிறுத்தத்துக்குப் பக்கத்தில் இருபத்தாறு வருஷம் பருப்பு வடை சுட்டேன். தோட்டத்துப் பள்ளியில் மூன்றாம் வகுப்போடு நின்றவள் நான். எழுத்துக் கூட்டித்தான் படிப்பேன். ஆனால் எந்த பஸ் எவ்வளவு தாமதமாக வரும் என்பதை, கடிகாரம் கட்டியவர்களை விட நான் சரியாகச் சொல்வேன். மழை பெய்தால் ஒரு கணக்கு, பள்ளி விடும் நேரத்துக்கு ஒரு கணக்கு, வெள்ளிக்கிழமை மத்தியானத்துக்கு ஒரு கணக்கு. அந்தக் கணக்கை வைத்துத்தான் எண்ணெயில் வடையைப் போடுவேன்.

பஸ் நேரத்துக்கு வந்துவிட்டால் ஆட்கள் ஏறிப் போய்விடுவார்கள். பத்து நிமிஷம் பிந்தினால் அவர்கள் மூக்கு வேலை செய்ய ஆரம்பிக்கும். இருபது நிமிஷம் பிந்தினால் இரண்டு வடை கேட்க வந்தவர் வீட்டுக்கும் சேர்த்து ஆறு கேட்பார். ஊரே பஸ்காரர்களைத் திட்டும். நான் ஒரு நாளும் திட்டியதில்லை. கூட்டாளியை யாராவது திட்டுவார்களா?

பிறகு புது ரயில் வந்தது. ஜனங்கள் அங்கே போனார்கள். என் நிறுத்தத்தில் பஸ்கள் குறைந்தன. குறைந்த பஸ்ஸுக்காக நிறைய நேரம் நிற்பார்கள், எனக்கு நல்லதுதான் என்று முதலில் நினைத்தேன். நிற்பதற்கு ஆள் வேண்டுமே, அதை யோசிக்கவில்லை. காலையில் பிசைந்த மாவில் பாதி சாயங்காலமும் அப்படியே இருந்தது.

மகன் டெங்கிலில் வீடு வாங்கியிருக்கிறான். நல்ல வீடு. நான்கு அறை, இரண்டு கார். "கடைய மூடிட்டு வந்துடுங்கம்மா, எங்க போணும்னாலும் நான் கூட்டிட்டுப் போறேன்லா" என்பான். அவன் சொன்னதில் எனக்குப் பயமாக இருந்தது அந்தக் கடைசி வரிதான். அந்த வீட்டிலிருந்து கறிவேப்பிலை வாங்கக்கூட கார் வேண்டும். நான் ஒருவரிடமும் கேட்டுக்கொண்டு வெளியே போய்ப் பழகியவள் இல்லை. தீபாவளிக்குள் வேறு இடம் கிடைத்தால் கடை, கிடைக்காவிட்டால் டெங்கில் என்று அவனிடம் வாக்குக் கொடுத்துவிட்டேன்.

அந்த நேரத்தில்தான் வியாபாரிகள் சங்கத்திலிருந்து ஒரு கடிதம் வந்தது. பசுமைப் போக்குவரத்தின் எதிர்காலமும் சிறு வியாபாரிகளுக்கு அதில் உள்ள வாய்ப்புகளும் என்று ஒரு கூட்டம், ஷா ஆலமில். ரயில் நிலையத்தில் கடை போட விரும்புகிறவர்கள் நேரில் வந்து பெயர் கொடுக்க வேண்டும் என்று கீழே போட்டிருந்தது. அதைப் படித்து முடிப்பதற்குள் இரண்டு பஸ் போயின. ஆனாலும் நானே படித்தேன். யாரையும் கூப்பிட்டுப் படிக்கச் சொல்லவில்லை.

ஷா ஆலமுக்கு இரண்டு பஸ் மாறிப் போனேன். இறங்கிய இடத்திலிருந்து மண்டபம் கண்ணுக்குத் தெரிந்தது. காலுக்குத்தான் வழி தெரியவில்லை. நடைபாதை இல்லை. கால்வாய் ஓரமாகப் புல்லை மிதித்துக்கொண்டு போய், பெரிய சாலையை மூன்று முயற்சியில் தாண்டினேன். வாசலில் காவலுக்கு ஜாகா ஒருவர், நம்ம ஆள்தான், பெரிய நோட்டை விரித்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

"ஆன்டி, கார் நம்பர் சொல்லுங்க."

"கார் இல்லப்பா. பஸ்ஸுல வந்தேன்."

"நம்பர் எழுதாம உள்ள விட முடியாது ஆன்டி. அதுதான் ரூல்."

"நடந்து வர்றவங்களுக்கு என்ன எழுதுவீங்க?"

அவர் நோட்டைப் பின்பக்கமாகப் புரட்டிப் பார்த்தார். "நடந்து யாரும் வந்ததில்லயே."

நான் வந்த பஸ்ஸின் நம்பரைச் சொன்னேன். அதெல்லாம் எனக்கு மனப்பாடம். அவரும் நிம்மதியாக எழுதிக்கொண்டார்.

"எங்க பார்க் பண்ணியிருக்கீங்க?"

"அது கிளம்பிப் போயிருச்சு. சாயங்காலம் வரும்."

"டிரைவர் வச்சிருக்கீங்களா, பரவால்லயே" என்று எழுந்து நின்று வழிவிட்டார். நானும் மறுக்கவில்லை.

மண்டப வாசலில் கார்கள் இரண்டு வரிசையாக, ஒன்றை ஒன்று மறித்துக்கொண்டு நின்றன. உள்ளே ஏர்கோன் குளிர். மேடையில் ஒரு பெண் அதிகாரி, என் பேத்தி வயது, தமிழ்ப் பிள்ளை. மலாயிலும் ஆங்கிலத்திலும் பேசினாள். திரையில் படம் காட்டினாள். படத்தில் எல்லாரும் சிரித்துக்கொண்டே சைக்கிள் ஓட்டினார்கள், ஒருவருக்கும் வியர்க்கவில்லை. இனிமேல் மின்சார பஸ், அடுத்தடுத்து ரயில், கைப்பேசியில் நேரம், யாரும் எங்கும் காத்திருக்கவே வேண்டியதில்லை என்றாள். எல்லாரும் கை தட்டினார்கள். எனக்குக் கை எழவில்லை.

கேள்வி கேட்கலாம் என்றார்கள். முதலில் எழுந்தவர் வேனில் கரும்புச்சாறு விற்பவர். ரயில் நிலையத்தில் பார்க்கிங் எவ்வளவு என்று கேட்டார். அடுத்தவரும் பார்க்கிங்தான். மூன்றாமவர், பார்க்கிங் பக்கத்தில் கடை கிடைக்குமா என்றார். நான் கை தூக்கினேன். அந்தப் பெண் தமிழுக்கு மாறினாள்.

"சொல்லுங்க ஆன்டி."

"யாருமே காத்திருக்க மாட்டாங்கன்னு சொன்னீங்க. அப்போ வடைய யாரும்மா திம்பாங்க?"

எல்லாரும் சிரித்தார்கள். அந்தப் பெண்ணும் சிரித்தாள். நான் சிரிக்கவில்லை என்று பார்த்ததும் நிறுத்திக்கொண்டாள். "அதுக்கு... ஆர்டர் எடுத்து டெலிவரி பண்ணலாம் ஆன்டி. மின்சார மோட்டார் சைக்கிள் வாங்க உதவி இருக்கு."

"வடை மோட்டார் சைக்கிள்ல போய்ச் சேர்றதுக்குள்ள நமுத்துடும்மா. அதுக்கு நீங்க உதவ முடியாது."

கூட்டம் முடிந்ததும் என்னைத் தேடி அவளே வந்தாள். பெயரையும் போன் நம்பரையும் எழுதிக்கொண்டாள். கையெழுத்துப் போடச் சொன்னாள். நிதானமாக, ஒரு எழுத்தும் விடாமல் போட்டேன். அவள் அவசரப்படுத்தவில்லை, அது எனக்குப் பிடித்தது. அவள் காரை வேறு யாரோ மறித்து நிறுத்திவிட்டுச் சாப்பிடப் போயிருந்தார். நான் பஸ் ஏறி கிள்ளான் வந்து சேர்ந்து அடுப்பு பற்றவைத்தபோது, இன்னும் ஷா ஆலமில்தான் இருக்கிறேன் ஆன்டி, நாளைக்கு இடம் காட்டுகிறேன் என்று போன் செய்தாள்.

மறுநாள் ரயில் நிலையத்துக்குள் ஓர் அறையைக் காட்டினாள். கண்ணாடிக் கதவு, வழவழப்பான தரை, விளக்குகள் எல்லாம் அழகு.

"ஆனா நெருப்பு, எண்ணெய் கூடாது ஆன்டி. வீட்ல சுட்டு எடுத்து வந்து, இங்க மெஷின்ல சூடு பண்ணிக்கலாம்."

"அத வடைன்னு சொல்லி வேற யாராச்சும் விக்கட்டும்."

"வாய்ப்ப விட்டுடாதீங்க ஆன்டி. இதுக்குப் பதினெட்டு பேர் கேட்டிருக்காங்க."

நான் ஒரு மணி நேரம் அங்கேயே நின்று பார்த்தேன். ரயில் அவள் சொன்னது போலவே வந்தது, போனது. அதைக் குறை சொல்ல முடியாது. ஜனங்கள் நகரும் படியில் ஏறினார்கள், இறங்கினார்கள், ஒருவர் கால்கூட நிற்கவில்லை. அங்கே மருந்துக்கடை வைத்தாலும் யாரும் திரும்பிப் பார்க்க மாட்டார்கள். டெங்கில் வீட்டு அறைக்கு என்ன நிறச் சேலை கட்டிக்கொண்டு போவது என்றுகூட நினைத்துப் பார்த்துவிட்டேன்.

வெளியே வந்தபோதுதான் கண்டேன். நிலையத்தின் பின்பக்கம், தாமான் குடியிருப்புகளுக்குப் போகும் சின்ன மின்சார பஸ்ஸுக்காக நாற்பது ஐம்பது பேர் நின்றார்கள். ரயில் பறந்து கொண்டுவந்து சேர்த்தது. வீட்டுக்குக் கொண்டுபோகும் பஸ் இன்னும் வரவில்லை. எல்லார் முகத்திலும் எனக்கு நன்றாகத் தெரிந்த அந்தப் பசி இருந்தது.

"எனக்கு இந்த இடம் போதும்மா" என்றேன்.

"இங்கயா? வெயில், மழை. கூரைகூட இல்ல ஆன்டி."

"குடை இருக்கு."

தீபாவளிக்குப் பத்து நாள் முன்னால் லைசன்ஸ் வந்தது. இப்போது அங்கேதான் சுடுகிறேன். முன்பு எல்லாம் என் கணக்கு. இப்போது வரிசையில் நிற்கும் பிள்ளைகள் கைப்பேசியைப் பார்த்து எனக்குச் சொல்கிறார்கள். "ஆன்டி, எட்டு நிமிஷம் காட்டுது." நான் ஒரு ஈடு போடுவேன். அது வெந்து முடியும்போதும் எட்டு நிமிஷம்தான் காட்டும். இன்னொரு ஈடு போடுவேன். அந்தப் பெண் அதிகாரியும் சில நாள் வந்து வாங்குகிறாள். கூடுதல் பஸ் விடச் சொல்லி எழுதியிருக்கிறோம் ஆன்டி என்றாள். அவசரப்படாமல் செய்யுங்கள் என்றேன்.

போன வாரம் மகன் என்னைப் பார்க்க வந்தான். முடிவாகக் கூட்டிப் போகிற யோசனையோடுதான் வந்தான் போலிருக்கிறது. நிறுத்த இடமில்லாமல் நிலையத்தைச் சுற்றினான்.

"அம்மா, ஏறுங்க, போலாம்" என்று கண்ணாடியை இறக்கிக் கூப்பிட்டான்.

"ஆளு நிக்குதுப்பா. நீ ஒரு சுத்து போயிட்டு வா."

மூன்று சுற்று போனான். ஒவ்வொரு சுற்றுக்கும் பின்னால் இருந்தவர்கள் ஹாரன் அடித்தார்கள். நான்காவது சுற்றுக்கு ஆளைக் காணோம். கோபித்துக்கொண்டு டெங்கிலுக்கே போய்விட்டான் என்று நினைத்தேன். அரைமணி கழித்து, சட்டையெல்லாம் வியர்வையில் நனைந்து, எங்கேயோ தூரத்தில் காரைப் போட்டுவிட்டு நடந்து வந்தான். அவன் நடந்து நான் பார்த்தே வருஷக்கணக்காகிறது.

"என்னம்மா இது, இவ்ளோ தூரம்..." என்று நேராகச் சட்டிப் பக்கம் கையை நீட்டினான். அவனுக்கு முன்னால் பதினான்கு பேர் நின்றார்கள். பஸ் அப்போதும் வரவில்லை.

"பின்னால போய் நில்லுய்யா" என்றேன். போய் நின்றான்.