உறுமி இல்லாமல் வந்த சாமி

டிசம்பர் வந்துவிட்டால் கைப்பேசியில் எங்கு பார்த்தாலும் இதே பேச்சுதான். இந்த ஆண்டின் சிறந்த ராக் ஆல்பம் எது, மெட்டல் ஆல்பம் எது என்று ஆளாளுக்கு வரிசை போடுகிறார்கள். என் வரிசையை யாரும் கேட்பதில்லை. கேட்டால் தருவேன். நான் படித்தது இடைநிலைப் பள்ளியில் இரண்டாம் படிவம் வரைதான். அதற்குப் பிறகு ஜொகூரில் ஓட்டல் துணி வெளுத்தேன், சித்தியவான் பக்கம் இறால் குட்டையில் நின்றேன், இப்போது கிள்ளானில் கண்டெய்னர் கழுவுகிறேன். எந்த ஊரிலும் அதிக நாள் தங்கியதில்லை. பெட்டி கட்டும்போதெல்லாம் ஏதாவது ஒன்றைத் தூக்கிப் போட்டுவிட்டுத்தான் வந்திருக்கிறேன். ஆல்பங்களை எடைபோடும் பழக்கம் மட்டும் கூடவே வருகிறது. அது என் சித்தியோடு சேர்ந்து பிடித்த பழக்கம்.

சித்தி அம்மாவின் தங்கை. நாங்கள் இருந்த தோட்டம் வீடமைப்புக்காரர்களின் கைக்குப் போனபோது, தொழிலாளர் வரிசையிலிருந்த எங்கள் லயத்து வீடு போயிற்று. நாங்கள் பாயா ரும்புட்டில் வாடகை வீட்டுக்கு வந்தோம், சித்தியும் எங்களோடு வந்தாள். ஆயர் குரோவில் ஒரு தொழிற்சாலையில் அவளுக்கு ஷிப்ட் வேலை. கம்பெனி பஸ்ஸில் பக்கத்தில் உட்கார்ந்து வந்த மலாய்க்காரப் பெண் ஒருத்தி தன் வாக்மேனைச் சித்தியின் காதில் மாட்டிவிட்டதில் தொடங்கியது எல்லாம். பிறகு பாசார் மாலாம் என்ற இரவுச் சந்தையில் சட்டி பானைக் கடைக்குப் பக்கத்தில் கேசட் பரப்பியிருப்பவனிடம் சித்தியே வாங்க ஆரம்பித்தாள். சம்பளம் வந்தால் ஒரு கேசட்.

அட்டையில் குழுவின் பெயர் முள்கம்பியைச் சுருட்டிப் போட்டது போல இருக்கும். சித்திக்கும் படிக்க வராது, எனக்கும் வராது. படத்தைப் பார்த்து நாங்களே பெயர் வைத்துக்கொண்டோம். ஆட்டுக்கொம்பு, பனிக்காடு, எரியும் படகு, எலும்பு மூஞ்சி.

வருடக் கடைசி ஞாயிற்றுக்கிழமைகளில் அந்த வருடத்துக் கேசட்டுகளை ஜன்னல் விளிம்பில் வரிசையாக நிறுத்துவோம். வலது ஓரம் முதல் இடம். ஒரு பாட்டையும் ஓட்டிவிடாமல் இரண்டு பக்கமும் முழுசாகக் கேட்க வேண்டும் என்பது சட்டம். தாளம் தளர்ந்தால் ஓர் இடம் இறங்கும். நடுவில் அழுகைப் பாட்டு வைத்திருந்தால் அந்தக் கேசட் இடது ஓரத்துக்கே போய்விடும்.

“எட்டுப் பாட்டுல ரெண்டு சும்மா ரொப்பி வச்சிருக்கான்லா. இவனப் போயி மூணாவதுல வைக்கிறியா?”

“அட்டை அழகா இருக்கு சித்தி.”

“அட்டையவா காதுல வச்சு கேக்கப் போற?”

பாட்டு வேகமெடுக்கும் இடம் வந்தால் இருவரும் எழுந்து, முடியை அவிழ்த்துவிட்டுத் தலையைச் சுழற்றுவோம். அடுப்படியிலிருந்து அம்மா கத்துவாள்: “எந்த மாட்டையோ அறுக்குறானுங்க, அதுக்கு ரெண்டு பேரும் ஆட்டம் வேற! கொறைங்க சத்தத்த!” நாங்கள் கொஞ்சம் குறைப்போம். அம்மா உள்ளே போனதும் கூட்டுவோம்.

ஒரு வருடம் சித்திக்குச் சம்பந்தம் ஒன்று வந்தது. கொண்டுவந்தவர் அப்பாவின் அண்ணன். பெரியப்பா பேசினால் வீட்டில் எல்லாருக்கும் ‘டா’தான், ‘டி’தான். மாப்பிள்ளை கிளேபாங்கில் சாலையோரம் சாப்பாட்டுக் கடை வைத்திருந்தார். மனைவி இறந்துவிட்டார், இரண்டு பிள்ளைகள், கடையில் ஆள் நிற்பதில்லை. கல்யாணம் முடிந்த கையோடு சித்தி வேலையை விட்டுவிட்டுக் கடையில் நிற்க வேண்டும் என்பதைத் தவிர அவர்களுக்கு வேறு எதிர்பார்ப்பு இல்லை. பெரியப்பா அதைப் பெருந்தன்மை என்றார்.

சித்தி வேண்டாம் என்று அப்பாவிடம் சொல்லிப் பார்த்தாள். அப்பா கெட்டவர் இல்லை. “உங்கிட்ட யாரும்மா கேட்டா? அண்ணன் வாக்கு குடுத்துட்டாரு” என்று மட்டும் சொன்னார். அம்மா அடுப்படிக்குப் போய்விட்டாள். அக்கா வீட்டில் ஒண்டியிருக்கும் தங்கைக்காக அக்கா எவ்வளவு பேச முடியும் என்பதெல்லாம் எனக்கு அப்போது தெரியாது. எனக்குத் தெரிந்ததெல்லாம், தை மாதம் வெற்றிலை பாக்கு மாற்றிவிட்டால் அடுத்த டிசம்பருக்கு ஜன்னல் காலியாக இருக்கும் என்பதுதான்.

கடைசி ஞாயிறு. ஆட்டுக்கொம்புக்கும் பனிக்காட்டுக்கும் முதல் இடத்துக்குப் போட்டி. அப்பா வேலைக்குப் போயிருந்தார். பனிக்காட்டின் முதல் பக்கம் ஓடிக்கொண்டிருந்தது. சித்தி கறுப்பு பனியன் போட்டிருந்தாள், இடுப்பு வரைக்கும் முடி. மேளம் வேகமெடுத்தது. கண்ணை மூடிக்கொண்டு அவள் சுழற்றிய வேகத்தில் சுவரில் மாட்டியிருந்த காலண்டர் படபடத்தது. நான் மூச்சு வாங்கி உட்கார்ந்துவிட்டேன்.

வாசல் கம்பிக் கதவுக்கு அந்தப் பக்கம் பெரியப்பா நின்றுகொண்டிருந்தார். பக்கத்தில் பட்டுப்புடவையில் மாப்பிள்ளையின் அக்கா. சொல்லாமல் கொள்ளாமல் பெண் பார்க்க வந்திருந்தார்கள்.

அந்த அம்மாள் சட்டென்று செருப்பை உதறிவிட்டுக் கைகூப்பினாள். “ஐயோ ஆத்தா! பொண்ணு மேல சாமி எறங்கியிருக்கு!”

“உறுமி கேசட்ட போட்டியா?” பெரியப்பா அம்மாவைப் பார்த்துக் கத்தினார். “வீட்டுக்குள்ள போடாத, சாமி வந்துரும்னு எத்தன தடவ சொல்லியிருக்கேன்?”

அம்மா அடுப்படி வாசலில் கரண்டியோடு நின்றாள். சித்தியைப் பார்த்தாள், அவர்களைப் பார்த்தாள். கரண்டியை வைத்துவிட்டு உள்ளே போய் ஒரு சொம்பில் மஞ்சள் கரைத்துக் கொண்டு வந்தாள். கதவைத் திறந்துவிட்டாள்.

“கறுப்பு கட்டியிருக்கு. காளியாத்தாதான்” என்றாள் வந்தவள்.

“அந்த ஒறுமலக் கேளுங்க. இது முனியாண்டி” என்றார் பெரியப்பா. உறுமியது கேசட் ஓடிக்கொண்டிருந்த ரேடியோ. பிறகு குரலைத் தாழ்த்தி, “சாமி, வந்ததுதான் வந்தீங்க, இந்த வார லாட்டரிக்கு ஒரு நாலு நம்பரு...”

அந்தச் சமயம் பாட்டு மெதுவான இடத்துக்கு வந்தது. மேளமே இருக்காது, கிதார் மட்டும் ஒற்றைக் கம்பியில் போய்க்கொண்டிருக்கும். அந்த இடத்தில் நாங்கள் எப்போதும் உட்கார்ந்து தண்ணீர் குடிப்போம். அதற்காகவே பனிக்காட்டை ஓர் இடம் இறக்க வேண்டும் என்பது என் கட்சி. ஆனால் சித்தி உட்காரவில்லை. ஒரு கணம் கண்ணைத் திறந்தாள். நேராக அம்மாவைப் பார்த்தாள். மறுபடியும் மூடிக்கொண்டு, முன்னைவிட வேகமாகச் சுழற்றத் தொடங்கினாள்.

“சித்தி, மெதுவா போற எடம்...” என்று நான் ஆரம்பித்தேன். அம்மா என்னை இழுத்து மடியோடு அணைத்து வாயைப் பொத்தினாள். இன்னொரு கையிலிருந்த சொம்பைச் சாய்த்துச் சித்தியின் தலையில் மஞ்சள் தண்ணீரை ஊற்றிக்கொண்டே, நான் அதுவரை கேட்டிராத குரலில் கேட்டாள்:

“தாயே, இந்தப் புள்ளைக்கு ஒரு எடம் பேசிக்கிட்டிருக்கோம். உனக்குச் சம்மதமா, இல்லையா? வாயத் தொறந்து சொல்லு!”

சித்தி நின்றாள். முடி முகத்தை மூடியிருந்தது.

“இல்ல.”

“என்ன சாமி?” என்றார் பெரியப்பா.

“இல்லடா! காது கேக்கலயா ஒனக்கு? இந்தப் பேச்ச இந்த வாசல்ல இன்னொரு தடவ எடுக்காதடா!”

பெரியப்பாவை யாரும் ‘டா’ போட்டு நான் கேட்டதில்லை. அவர் தரையில் விழுந்து கும்பிட்டார். மாப்பிள்ளையின் அக்கா முதுகைக் காட்டாமல் பின்னாலேயே நடந்து வாசலுக்குப் போனாள். “சாமி வேணாம்னு சொன்ன பொண்ண எடுத்தா எங்க குடும்பம் வெளங்குமாய்யா? நல்ல வேள, இன்னிக்கே தெரிஞ்சுச்சு” என்று பெரியப்பாவிடம் சொல்லிக்கொண்டே செருப்பைத் தேடினாள். அப்போது ரேடியோ ‘டக்’ என்று நின்றது. முதல் பக்கம் முடிந்துவிட்டது.

வெளியே கார் ஒரே முயற்சியில் கிளம்பவில்லை. பெரியப்பா சாவியைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தார். சித்தி நடு வீட்டில் நின்றாள், முடியிலிருந்து மஞ்சள் சொட்டிக்கொண்டிருந்தது.

அம்மா ஜன்னல் துணியை விரல் நுனியால் விலக்கி வெளியே எட்டிப் பார்த்தாள். பிறகு என் வாயிலிருந்து கையை எடுத்துவிட்டு மெல்லச் சொன்னாள்:

“கேசட்டத் திருப்பிப் போடு பாப்பா. நல்லா சத்தமா வை.”

நான் ஓடிப் போய்த் திருப்பிப் போட்டேன். இத்தனை நாள் திட்டித் தீர்த்தவளுக்குக் கடைசியில் பனிக்காடு பிடித்துவிட்டது என்று எனக்கு ஒரே சந்தோஷம்.