ஹாஜியாரின் அமெரிக்கத் தாள்

இரத்தினபுரியில் நான் வேலை பார்க்கும் இரத்தினக்கல் கடை என்றதும் ஜன்னலோர மேசையில் நீலக்கற்களுக்குப் பக்கத்தில் விரிந்து கிடந்த ஒரு பழுப்புத் தாள்தான் நினைவுக்கு வருகிறது. அமெரிக்காவின் முதல் ஜனாதிபதி பதவியை விட்டு விலகும்போது மக்களுக்கு விடுத்த உரை அது. அந்தக் காலத்தில் இத்தகைய உரைகளை ஒற்றைத் தாளில் அச்சிட்டுச் சுவர்களில் ஒட்டுவார்களாம். கடை முதலாளியான ஹாஜியார் அவற்றைச் சேர்த்தார். கல் வாங்க வந்த வெளிநாட்டுக்காரர் ஒருவர் அன்பளிப்பாகத் தந்த தாளில் தொடங்கிய ஆசை. ஹாஜியார் வீட்டில் இவற்றுக்கு 'நோட்டீஸ்' என்று பெயர். றக்வானைத் தேயிலைத் தோட்டத்திலிருந்து பஸ் ஏறிவந்து கடையின் ஆங்கிலக் கடிதங்களை எழுதும் நான்தான் உரைகளைத் தமிழில் சொல்வேன். அதிகாரத்தில் இருந்தவர் தாமாகவே போகிறேன் என்ற இடத்தை மட்டும் ஹாஜியார் மறுபடி சொல்லச் சொல்வார்.

அந்தத் தாளைத் தேடிக்கொண்டிருந்த அமெரிக்கர் ஒருவர், ஹாஜியார் நெடுநாள் ஆசைப்பட்ட இரண்டு தாள்களை மாற்றாகக் கொண்டு வருவதாக எழுதினார். அவர் வருவதற்கு முதல் நாள், ஹாஜியார் தாளைக் கல்லைப் பார்ப்பதுபோல வெளிச்சத்துக்கு நேரே பிடித்தார். புதிதாக வந்திருந்த வேறொரு தாளையும் பிடித்தார். கையால் செய்த காகிதத்துக்குரிய வரிகள் புதிதாக வந்ததில் ஓடின, அமெரிக்கர் கேட்டதில் ஒன்றுமில்லை. பிற்காலத்து மறுபதிப்பு.

"நாம சொல்லலன்னா அவருக்குத் தெரியாதுங்க, ஹாஜியார்" என்றேன்.

"நிறம் கூட்டச் சூடு காட்டின கல்ல சூடு காட்டினதுன்னுதானே விக்கிறோம் மகள். கல்லுக்கு ஒரு வாய், காகிதத்துக்கு ஒரு வாய் எங்கட கடையில இல்ல."

வந்தவர் தாளைக் கண்டதும் முகம் மலர்ந்துபோனார். அது மறுபதிப்பு என்று ஹாஜியார் சொன்னதை நான் ஒரு சொல்லும் மென்மையாக்காமல் ஆங்கிலத்தில் சொன்னேன். வந்தவர் தம் பெட்டியைத் திறந்து, கொண்டுவந்த இரண்டு தாள்களையும் ஹாஜியாரிடம் நீட்டி, இவற்றையும் பார்த்துச் சொல்லும்படி கேட்டார். அவற்றிலும் ஒன்று மறுபதிப்பு. இருவரும் சேர்ந்து சிரித்தார்கள். அன்று ஒரு கல்லும் விற்கவில்லை.

இப்போதும் எந்தத் தாளை வாங்குமுன்னும் அந்த அமெரிக்கர் படம் அனுப்பிக் கேட்கிறார். படத்தில் வெளிச்சம் ஊடுருவாது, நேரில் கொண்டு வாருங்கள் என்று எழுதச் சொல்கிறார் ஹாஜியார். நான் எழுதுகிறேன். அவர் வருகிறார்.