விட்டுக்கொடுத்த இரண்டு வருடங்கள்

சென்ற செவ்வாய்க்கிழமை காலை அலுவலகத் தொலைபேசி அடித்தது. "சிவகுருநாதர் அங்கிள் காலமாயிட்டார், அக்கா," என்றார் அவருடைய மருமகன். யன்னலுக்கு வெளியே பனிப்புகார் மூடியிருந்தது. டிராமின் மணி கேட்டது, டிராமைக் காணவில்லை. பக்கத்து அறையில் அவர் கோப்புத் தேடிக்கொண்டிருக்கிறார் என்றே நெடுநேரம் தோன்றியது.

யாழ்ப்பாணத்தில் அரசாங்க எழுதுவினைஞராக இருந்தவர். மருத்துவரான மனைவி பரமேஸ் அன்ரிக்கு இங்கே வேலை கிடைத்ததால் மெல்பனுக்கு வந்தவர். புதிய குடியேறிகளுக்கு உதவும் எங்கள் அரசாங்க அலுவலகத்தில் சேர்ந்தார். விடுதி அறை, ஆங்கில வகுப்பு, மொழிபெயர்ப்பாளர், பிள்ளைக்குப் பள்ளிக்கூடம், எல்லாமே அவருடைய மேசையைக் கடந்துதான் போகும். நான் அங்கே தட்டெழுத்தாளர்.

கண்ணை அரைவாசி மூடிக்கொண்டுதான் ஆட்களின் கதையைக் கேட்பார். தூங்குகிறார் என்று நினைத்து ஒருமுறை மேசையைத் தட்டினேன். "நித்திரை இல்லைப் பிள்ளை. அந்தாள் சொல்லுற ஊரைப் பாத்துக்கொண்டிருக்கிறன்," என்றார். உக்ரேனின் கோதுமை வயல்களும் உறைந்த ஆறுகளும் அவருக்கு அப்படித்தான் பழக்கமாயின.

அந்த ஊர்களில் ஒன்றிலிருந்து வந்தவர் மிக்கோலா. போர் முடிந்தபின், அரசாங்க ஒப்பந்த வேலைக்குக் கப்பலேறி வந்து, மெல்பனின் சன்ஷைன் பகுதியில் ஒரு தொழிற்சாலையில் நரைத்துப்போனவர். கைக்குழந்தையாக விட்டுவந்த மகள் ஹன்னாவுக்கு, பல வருடங்களுக்குப்பின் அங்கிருந்து வெளியேற அனுமதி கிடைத்திருந்தது. அவளும் அவள் பிள்ளையும் இங்கே வர, மிக்கோலாதான் தகப்பன் என்று நிரூபிக்க வேண்டும். ஆனால் சோவியத் பக்கம் பிறந்தவர்களைப் பிடித்துத் திருப்பி அனுப்புகிறார்கள் என்ற பயத்தில், அகதி முகாமில் அவர் பிறந்த ஊரை மாற்றிச் சொல்லியிருந்தார். மகளின் பத்திரத்தில் ஓர் ஊர், தகப்பனின் பத்திரத்தில் இன்னோர் ஊர்.

உண்மையைச் சத்தியக் கடதாசியில் எழுதிக்கொடுத்தால் போதும் என்றார் மேலதிகாரி. மிக்கோலா மாட்டேன் என்றார். எழுதினால் நாடு கடத்திவிடுவார்கள் என்று நடுங்கினார்.

"என் தாளிலும் ஒரு பொய் இருக்கிறது," என்றார் சிவகுருநாதர். "முதலில் நான் எழுதுகிறேன். எனக்கு என்ன நடக்கிறதென்று பார்த்துவிட்டு நீங்கள் எழுதுங்கள்."

பள்ளிக்கூடத்தில் சேர்க்கும்போது, பிற்காலத்தில் அரசாங்க வேலைக்கு உதவும் என்று அவருடைய தகப்பனார் இரண்டு வயதைக் குறைத்துக் கொடுத்திருந்தார். எங்கள் ஊரில் இதெல்லாம் ஒரு புதுமையா? ஆனால் திருத்தினால் ஓய்வு இரண்டு வருடம் முந்தி வந்துவிடும்.

மிக்கோலா போனபின், சிவகுருநாதர் தன் சத்தியக் கடதாசியை எழுதித் தட்டெழுதத் தந்தார். "அங்கிள், அதைக் கிழிச்சுப்போட்டு எல்லாம் சரியெண்டு சொல்லுங்கோவன்," என்றேன்.

"இவ்வளவு காலமும் ஒரு பொய்க்குப் பயந்து செத்த மனுசன். அவருக்கு நானும் ஒரு பொய் சொல்லவோ? நீ அடி, பிள்ளை."

அடித்தேன். சில வாரங்களில் பதில் வந்தது. தண்டனை இல்லை, ஆனால் வருட முடிவில் ஓய்வு. முதல் பாதியை மட்டும் மிக்கோலாவுக்கு வாசித்துக் காட்டினார். மறுநாளே மிக்கோலா எழுதிக் கொடுத்தார்.

ஹன்னா வந்திறங்கியபோது விமான நிலையத்தில் நானும் நின்றேன். தகப்பனும் மகளும் கட்டிப்பிடிக்கத் தெரியாமல் கைகொடுத்தார்கள். பிறகுதான் அழுதார்கள். சிவகுருநாதர் வழக்கம்போல அரைக்கண் மூடி நின்றார். அந்தக் காட்சி இன்றும் எனக்குக் கனவுபோலத்தான் வருகிறது.

பிறகு, தன் மேசையைக் காலிசெய்துகொண்டே, "வீட்டிலை, ஒபிசிலை என்ரை உண்மை வயசைக் கண்டுபிடிச்சிட்டாங்கள் எண்டு சொல்லிப்போட்டன். நீ வாய் திறவாதை," என்றார். நான் திறக்கவில்லை. ஆனால் காட்டிக்கொடுத்தது தட்டெழுத்துப் பெட்டைதான் என்று அன்ரி முடிவுகட்டிவிட்டார். அதன்பின் எந்த வீட்டு விசேஷத்திலும் என்னோடு ஒரு சொல் பேசியதில்லை. எனக்கு அங்கிள்மேல் கோபம் கோபமாக வரும். அவரோ தூரத்திலிருந்து கண்ணடிப்பார்.

இறுதிச் சடங்குக்கு மிக்கோலாவின் குடும்பமும் வந்தது. ஹன்னா பூவேலை செய்த நீளத் துணியொன்றைச் சவப்பெட்டியின்மேல் விரித்தார். பிறகு அன்ரியின் கையைப் பிடித்து, வகுப்பில் படித்த ஆங்கிலத்தில் மெதுவாகச் சொன்னார்: "உங்கள் கணவர் எங்களுக்காக இரண்டு வருட வேலையை விட்டுக்கொடுத்தார். அவருடைய வெறும் மேசையைப் பார்த்து அப்பா மேலதிகாரியிடம் கேட்டு அறிந்தார்."

அன்ரி திரும்பி என்னைத் தேடினார்.

"உண்மையோ, பிள்ளை?"

"ஓம், அன்ரி."

"என்னட்டையெண்டாலும் சொல்லியிருக்கலாமே இந்த மனுசன்!" அழுகையும் சிரிப்புமாக நெற்றியில் அடித்துக்கொண்டார். பிறகு பக்கத்துக் கதிரையில் இருந்த கைப்பையை எடுத்துத் தன் மடியில் வைத்தார்.

"இஞ்சை வந்து இரு."

போயிட்டு வாங்கோ, அங்கிள். வாய் திறந்தது நானில்லை.