நல்லதம்பி மாஸ்டர் போய்வந்த துறைமுகம்

கறம்பக்குடியில் நல்லதம்பி என்று கேட்டால் நாலைந்து பேரைக் காட்டுவார்கள். மீன் குழம்பு நல்லதம்பி என்று கேட்டால் ஒரே வீடுதான். அவருக்கு வயது ஐம்பத்திரண்டு. கல்யாணத்துக்கு மறுநாள் கறி விருந்து என்றால் அறந்தாங்கியிலிருந்து கீரனூர் வரை அவரைத்தான் கூப்பிடுவார்கள். மீனை யாரிடமும் வாங்கிவரச் சொல்ல மாட்டார். ஜெகதாப்பட்டினம் துறைமுகத்துக்கு அவரே போய், செவுளைத் தூக்கிப் பார்த்து எடுத்து வருவார்.

அவரிடம் இன்னொரு பழக்கமும் உண்டு. எங்கே அடுப்பு எரிந்தாலும் போய் மூடியைத் தூக்கிப் பார்த்துவிடுவார். விராலிமலை ரோட்டோரக் கடையில் சாப்பிட உட்கார்ந்தாலும் முதலில் அடுப்படிக்குப் போய், எதை முன்னால் போட்டாய், எதைப் பின்னால் போட்டாய் என்று விசாரித்துவிட்டுத்தான் இலைக்கு வருவார். இதற்காக இரண்டு மூன்று இடங்களில் திட்டும் வாங்கியிருக்கிறார்.

நான் அவர் வீட்டுக்கு இரண்டு வீடு தள்ளிக் குடியிருக்கிறேன். அவருடைய வெளிநாட்டுப் பயணத்தைப் பற்றி அவர் வாயாலேயே நாலு தடவை கேட்டாயிற்று. நாலு தடவையும் ஒரே இடத்தில்தான் அவருக்குக் கோபம் வந்தது.

கீரனூரில் ஒரு கல்யாண வீட்டில்தான் மோகனப்ரியா என்ற பெண் அவரைப் பார்த்தாள். திருச்சியில் ஒரு டிராவல்ஸில் வேலை. நாற்பத்தோரு பேரை ஐரோப்பாவுக்குக் கூட்டிக்கொண்டு போகிற பொறுப்பு அவளுடையது. அவர்கள் வழக்கமாகக் கூட்டிப் போகும் சமையல்காரர் ஆபரேஷன் செய்து படுத்துவிட்டார். பதிமூன்று நாள், நம்ம சமையல் முழுக்கச் சைவம், வெளியே யார் எதைச் சாப்பிட்டாலும் அவரவர் இஷ்டம், வர முடியுமா என்று கேட்டாள். நல்லதம்பிக்கு அவ்வளவாக விருப்பமில்லை. புளிசாதமும் தயிர்சாதமும் கிளற நான் எதற்கு என்று சொல்லிவிட்டார்.

அவள் கொடுத்துவிட்டுப் போன பயணத் திட்டத் தாளை ராத்திரி சாப்பிடும்போது மகள் இலக்கியா வாசித்துக் காட்டினாள். ஒன்பதாம் நாள்: இத்தாலியில், மத்தியதரைக் கடலோரம், போர்த்தோ சாலே என்ற சின்ன மீனவர் ஊர். படகிலிருந்து இறக்கிய மீனைத் துறைமுகத்திலேயே ஒரே சட்டியில் காய்ச்சி ஊற்றும் சூப் அங்கே பிரபலம்.

நல்லதம்பி சோற்றில் வைத்த கையை எடுக்காமல் அதை இன்னொரு தடவை வாசிக்கச் சொன்னார். மறுநாள் காலையில் மோகனப்ரியாவுக்கு அவரே போன் போட்டார். வருகிறேன், ஆனால் ஒன்பதாம் நாள் மதியம் இரண்டு மணி நேரம் என்னை விட்டுவிட வேண்டும் என்றார். அவளும் சரியென்றாள்.

முதல் எட்டு நாளில் அவர் பார்த்ததெல்லாம் ஓட்டல்களின் அடித்தளம்தான். பாரிஸ் கோபுரத்தைப் பஸ் ஜன்னல் வழியாகப் பாதி பார்த்தார். மற்றவர்கள் கேபிள் காரில் பனிமலைக்கு ஏறியபோது அவர் கீழே பஸ்ஸுக்குப் பின்னால் உட்கார்ந்து இருபது கிலோ உருளைக்கிழங்குக்குத் தோல் உரித்தார். அதையெல்லாம் அவர் ஒரு குறையாகவே எடுத்துக்கொள்ளவில்லை. பனியைப் பார்த்து நான் என்ன செய்யப்போகிறேன் என்றுதான் நினைத்தாராம்.

எட்டாம் நாளே அவர் கணக்காகத் திட்டம் போட்டார். ஊரிலிருந்து கொண்டுபோன புளிக்காய்ச்சலைத் தொடாமல் வைத்திருந்தார். ஒன்பதாம் நாள் விடிவதற்குள் ஓட்டல் சமையலறையில் சோறு வடித்துக் கிளறி, தயிர்சாதமும் பிசைந்து, நாற்பத்தோரு டப்பாவிலும் அடைத்து பஸ்ஸில் ஏற்றிவிட்டார். மதியம் ஆளுக்கொரு டப்பா. அடுப்பே பற்றவைக்க வேண்டாம்.

பஸ் போய்க்கொண்டிருக்கும்போது கீரனூர் புவனேஸ்வரியம்மா மோகனப்ரியாவைக் கூப்பிட்டார். பேங்கில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். மூன்று நாளாக ஆறிப்போனதையே தின்று தொண்டை கட்டிவிட்டது, சூடாக ஒரு வாய் ரசம் கிடைத்தால் போதும் என்றார். பின்சீட்டில் இருந்தவர்களும் ரசம் ரசம் என்று ஆரம்பித்துவிட்டார்கள். மோகனப்ரியா முன்னால் வந்து நல்லதம்பிக்குப் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"மாஸ்டர், கோச்சுக்காதீங்க. ரசம் மட்டும் வச்சுருங்க. அரை மணி நேரத்துல முடிஞ்சுரும், அப்பறம் நீங்க ஃப்ரீ."

தொண்டை கட்டிய அம்மாவுக்கு ரசம் இல்லை என்று எந்தச் சமையல்காரனாலும் சொல்ல முடியாது. சரியென்றார்.

பதினொன்றரைக்கு பஸ் நின்றது. ஊருக்குள் பஸ் போகாதாம். மேட்டின் மேல் ஒரு பார்க்கிங். அங்கிருந்து பார்த்தால் கீழே கொத்தாக ஓட்டு வீடுகள், அதற்கும் கீழே ஒரு வளைவில் நீலமாகக் கடல். நாற்பத்தோரு பேரும் கேமராவோடு படியிறங்கிப் போனார்கள். நல்லதம்பி கேஸ் அடுப்பை இறக்கிப் பற்றவைத்தார். புளி கரைத்து முடிப்பதற்குள் நீலச் சட்டை போட்ட ஒரு போலீஸ் அம்மா வந்து நின்றாள். நெருப்பைக் காட்டினாள், விரலை ஆட்டினாள். அடுப்பை அணைக்க வேண்டியதாயிற்று. இன்டக்‌ஷன் அடுப்பைப் பஸ்ஸில் செருகினால் பஸ் தாங்காது என்று டிரைவர் கையை விரித்துவிட்டான்.

பார்க்கிங் முனையில் ஒரு சின்ன காப்பிக்கடை இருந்தது. மோகனப்ரியா கீழே போகாமல் நின்று அந்தக் கடைக்காரம்மாவிடம் கெஞ்சினாள். அவள் ஒத்துக்கொண்டாள், ஆனால் அவளுடைய மதிய ஆர்டர்கள் முடிந்த பிறகுதான் அடுப்பு கிடைக்கும். நல்லதம்பி புளிக்கரைசல் பாத்திரத்தைக் கையில் ஏந்திக்கொண்டு அந்தக் கடை வாசலில் ஒரு மணி நேரம் நின்றார். காற்று கீழிருந்து அடிக்கும்போது பூண்டும் மீனும் கலந்து வெந்த வாசனை வந்தது. தாளித்த வாசனை இல்லை. என்னவென்று பிடிபடாத ஒரு தழையும் அதில் இருந்தது. இந்த இடத்தில்தான் அவருக்கு முகம் சிவக்கும். "மூக்குக்கு வந்துருச்சுங்க. கண்ணுக்கு வரல" என்பார்.

ரசம் இறங்கியபோது மணி ஒன்றேமுக்கால். ஆட்கள் ஒவ்வொருவராகப் படியேறி வந்தார்கள். பாதிப் பேருக்கு மேல் டப்பாவையே தொடவில்லை. கீழே சூப் சாப்பிட்டோம், வயிறு நிறைந்துவிட்டது என்றார்கள். ரசம் முக்கால் பாத்திரம் அப்படியே நின்றது. புவனேஸ்வரியம்மா மட்டும் கடைசியாக மூச்சு வாங்கிக்கொண்டு வந்து, இரண்டு டம்ளர் வாங்கிக் குடித்தார். நன்றாக இருக்கிறது என்று சொல்லிவிட்டு, "நீங்க கீழ எறங்கிப் பாக்கலயா?" என்று சாதாரணமாகக் கேட்டார். நல்லதம்பி டம்ளரை வாங்கி வைத்துவிட்டுப் பாத்திரங்களை ஒதுக்க ஆரம்பித்தார்.

இரண்டேகாலுக்கு ஓட்டமும் நடையுமாக இறங்கினார். இருநூறு படிக்கு மேல் இருக்கும். கீழே போய்ப் பார்த்தால் துறைமுகம் கையகலம். ஜெகதாப்பட்டினத்தில் ஒரு மூலைக்குக் காணாது. பத்துப் பன்னிரண்டு படகு, காயப்போட்ட மஞ்சள் வலை, வலைமேல் படுத்திருந்த ஒரு பூனை. கரையோரத்தில் ஒரு கொட்டகை. அதற்கு வெளியே, அண்டா அளவுக்கு ஒரு சட்டியைக் கவிழ்த்துப் போட்டு, அவர் வயதில் ஒருவன் ஹோஸ் பைப்பால் கழுவிக்கொண்டிருந்தான்.

நல்லதம்பி சட்டியைக் காட்டி, வாயைக் காட்டினார். அவன் கைக்கடிகாரத்தைத் தட்டி, இரண்டு கையையும் விரித்தான். தீர்ந்துபோய்விட்டது. நல்லதம்பி விடவில்லை. நெஞ்சைத் தொட்டு, கரண்டி பிடித்துக் கிண்டுவதுபோல் செய்து காட்டினார். அவனுக்கு அது புரிந்தது. சத்தமாகச் சிரித்து, ஹோஸை வீசிவிட்டு, அவர் தோளைப் பிடித்து உள்ளே கூட்டிப் போனான். ஒரு பெட்டியில் மீன் தலைகள். அதில் ஒன்று நம்மூர் சங்கரா மாதிரியே இருந்ததாம். அப்புறம் தக்காளி, காய்ந்த மிளகாய், கத்தை கட்டிய அந்தத் தழை. அவன் வெறுஞ்சட்டி ஒன்றை அடுப்பில் வைத்து, முதலில் இது என்று ஒரு விரலைக் காட்டி எண்ணெய்ப் புட்டியை எடுத்தான். இரண்டாவது என்று அடுத்த விரலை நீட்டினான்.

போன் அடித்தது.

"மாஸ்டர், எங்க இருக்கீங்க? பார்க்கிங் டைம் முடிஞ்சிருச்சுன்னு அந்த போலீஸ் லேடி வந்து நிக்கிறாங்க. எல்லாரும் ஏறிட்டாங்க, ஒங்களுக்காகத்தான் வெயிட்டிங்."

"மூணு மணிக்குக் கெளம்புறதுன்னுதானம்மா சொன்ன?"

"மூணுதான் சொன்னேன். இப்ப வேற பஸ் வந்திருச்சு. சீக்கிரம் வாங்க."

அவன் இரண்டு விரலை நீட்டியபடியே நின்றான். நல்லதம்பி கும்பிடு போட்டுவிட்டு இருநூறு படியையும் ஏறினார். ஒரு போட்டோகூட எடுக்கவில்லை.

பஸ்ஸில் அவரைக் குளிர்விக்கிறோம் என்று நினைத்து, அந்தச் சூப் ஒன்றுமேயில்லை, காரம் கிடையாது, நம்ம மீன் குழம்புக்குப் பக்கத்தில் வர முடியாது என்றார்கள். என்ன மீன் போட்டிருந்தான், கெட்டியா தண்ணியா, பூண்டு வறுத்ததா பச்சையா என்று அவர் ஒவ்வொரு சீட்டாகப் போய்க் கேட்டார். ஒருவருக்கும் சொல்லத் தெரியவில்லை. ஒருத்தர் மட்டும் யோசித்து, செவப்பா இருந்துச்சு என்றார். நல்லதம்பி தன் சீட்டில் போய் உட்கார்ந்துவிட்டார். மிஞ்சிய ரசத்தை அந்தக் காப்பிக்கடையிலேயே கொட்டிவிட்டு வந்திருந்தார்கள்.

ஊருக்கு வந்த பிறகு இலக்கியா போனில் பத்து வீடியோ போட்டுக் காட்டினாள். பத்தும் பத்து விதம், எதுவும் அந்த ஆளுடையது இல்லை. ஜெகதாப்பட்டினத்திலிருந்து சங்கராத் தலை வாங்கி வந்து இரண்டு தடவை அவரே காய்ச்சிப் பார்த்தார். மனைவி கலைமதி ருசி பார்த்து, நல்லாத்தான இருக்கு என்றாள்.

"எது நல்லாருக்குன்னு ஒனக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. சும்மா இரு" என்று சட்டியைத் தூக்கி வெளியே வைத்துவிட்டார். கலைமதி அன்று பூராவும் அவரோடு பேசவில்லை.

இந்த வருஷம் மாசி கடைசியில் மோகனப்ரியா மறுபடியும் கூப்பிட்டாள். போன தடவை வந்தவர்களில் ஆறு பேர் திரும்ப வருகிறார்கள், மாஸ்டர் வருவாரா என்றுதான் முதலில் கேட்டார்களாம். அந்த மீன்காரன் ஊரில் பஸ் எத்தனை மணி நேரம் நிற்கும் என்று இவர் கேட்டார். அங்க பாக்க ஒண்ணுமில்லன்னு பேசஞ்சர்ஸ் எழுதிக் குடுத்துட்டாங்க, அத எடுத்துட்டு ஒரு ஷாப்பிங் மால் போட்டிருக்கோம் மாஸ்டர் என்றாள். வேற ஆளப் பாத்துக்கம்மா என்று வைத்துவிட்டார். பிறகு அவள் நாலு தடவை அடித்தும் எடுக்கவில்லை.

பங்குனியில் இலக்கியா மேப்பில் தேடி அந்தக் கொட்டகையைக் கண்டுபிடித்தாள். இத்தாலி மொழிக்கு மாற்றி ஒரு செய்தியும் அனுப்பினாள். போன வருஷம் வந்த இந்தியச் சமையல்காரர் நான், எண்ணெய்க்கு அடுத்து என்ன போடுவீர்கள் என்று அப்பா சொன்னபடியே எழுதினாள். மூன்று வாரம் கழித்துப் பதில் வந்தது. அன்று நானும் அங்கே இருந்தேன். அவள் தமிழில் மாற்றி வாசித்தாள். கடை பன்னிரண்டு முதல் இரண்டு வரை, திங்கட்கிழமை விடுமுறை, அவ்வளவுதான்.

நல்லதம்பி போனை வாங்கி மேலும் கீழும் தள்ளிப் பார்த்தார். வேறு எதுவும் இல்லையா என்று கேட்டார். இல்லை என்றாள். மறுபடியும் எழுது, தெளிவா எழுது, ரெண்டாவதா என்னன்னு மட்டும் கேளு என்றார். எழுதினாள். இதுவரை பதில் வரவில்லை.