பிளசன்டனில் வெயில், கடற்கரையில் பனி

பிளசன்டனில் மகள் வீட்டில் நான் வந்து இறங்கியது மே மாதக் கடைசி. கோடை தொடங்கிவிட்டது என்றார்கள். தொடங்கிய லட்சணம் எனக்குத்தான் தெரியும். ஒரு நாள் தூறல், மறுநாள் காற்று, அதற்கடுத்த நாள் உச்சிவேளைவரை மேகமூட்டம். நான் ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்குக் கும்பிடு போட்டவன். ஆனாலும் கூலிக்கு உப்பு வாரியவன், இன்று தூத்துக்குடியில் நாற்பது ஏக்கர் உப்பளத்துக்குச் சொந்தக்காரன். வானத்தைப் பார்த்து நான் மழை என்றால் மழைதான். இந்த ஊர் வானம் மட்டும் என் பேச்சைக் கேட்கவில்லை.

வெயிலுக்கு நான் காத்திருந்ததில் காரணம் உண்டு. மகள் செல்வி தூத்துக்குடிப் பக்கம் கடைசியாக வந்து ஆறு வருடமாகிறது. மூட்டு வலியால் விமானம் ஏற முடியாத என் மனைவி, "எப்ப வாரான்னு அவ வாயால கேட்டுட்டு வாங்க" என்று சொல்லித்தான் அனுப்பினாள். கேட்டபோதெல்லாம் செல்வி, "வெயில் வரட்டும்ப்பா, பீச்சுக்குப் போய் நிதானமா பேசலாம்" என்று தள்ளிப்போட்டாள்.

நான் ஊர் திரும்ப இரண்டு நாள் இருக்கும்போது நல்ல வெயில் அடித்தது. மாலை நாலரைக்குக் காரில் புறப்பட்டோம். ஹாஃப் மூன் பே கடற்கரை நாற்பது மைல்.

"ஜாக்கெட் எடுத்துக்கோங்கப்பா. பீச் பக்கம் குளிரும்."

"உப்புக்காரனுக்கே கடலைச் சொல்லித் தாரியா?" என்று வேட்டி, அரைக்கைச் சட்டையோடு ஏறினேன்.

சான் மட்டேயோ பாலம் ஏழு மைல் நீளம். அதற்கு முன்னால் சாலையோரத்தில் பாத்தி பாத்தியாகப் பழைய உப்பளங்கள். பாலம் ஏறும்வரை கழுத்தைத் திருப்பிப் பார்த்துக்கொண்டே வந்தேன். "வரப்பு சரியில்ல" என்று மட்டும் சொன்னேன்.

கிளம்பும்போது வெப்பம் ஃபாரன்ஹீட்டில் தொண்ணூற்றிரண்டு காட்டிய காரில், கடற்கரை வந்ததும் ஐம்பத்தேழு. கடலே தெரியாமல் பனி. வண்டி நிறுத்தப் பத்து டாலர். பக்கத்துக் காரிலிருந்து கோயம்புத்தூர்க்காரர் ஒருவர், "அங்கிள், இந்த வேட்டியோட தண்ணில எறங்கப் போறீங்களா? இங்க ஜூன்னா இப்படித்தானுங்க" என்றார்.

விடுவேனா? இறங்கினேன். முழங்காலுக்குக் கீழே கால் இருக்கிறதா என்று குனிந்து பார்க்க வேண்டியதாயிற்று. செல்வி வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். தன் ஜாக்கெட்டைக் கழற்றி எனக்கு மாட்டிவிட்டாள்.

மணி ஆறரை. ஊரில் விடிந்து வெயில் ஏறியிருக்கும். வீடியோவில் அவள் அம்மாவைக் கூப்பிட்டோம்.

"ஏட்டி, எப்ப வாரே?"

செல்வியின் சிரிப்பு நின்றது. "இப்ப வந்தா விசா ஸ்டாம்பிங்ல மாட்டிப்பேன்மா. திரும்ப உள்ள விடமாட்டாங்க. கிரீன் கார்டு வரணும்."

"அது எப்ப வரும்?"

"தெரியலம்மா."

அவள் அம்மா திரையில் என்னை உற்றுப் பார்த்தாள். பிறகு, "சரி, அப்பா தலைய மூடிவிடு. பனி எறங்குது. குளிருதுன்னு அவிய சொல்லமாட்டாவ" என்றாள்.

கலெக்டர் ஆபீஸ்வரை போய்க் காரியம் முடித்தவன் நான். இந்தக் கார்டுக்கு யாரைப் போய்ப் பிடிப்பது என்று தெரியவில்லை.

புறப்பட்ட அன்று சான் ஹோசே விமான நிலையத்தில் சுள்ளென்ற வெயில். பெட்டியை என் கையில் கொடுத்துவிட்டுச் செல்வி சொன்னாள்: "அம்மாகிட்ட வர்றேன்னு சொல்லிடாதீங்கப்பா. வரமாட்டேன்னும் சொல்லாதீங்க."

தூத்துக்குடி வந்து இறங்கினேன். எங்கள் ஊரில் அந்த வெயில், பனிச் சங்கடம் இல்லை. வீட்டில் அடிக்கிற வெயில்தான் கடற்கரையிலும் அடிக்கும்.

மனைவி வாசலிலேயே நின்றாள். "என்ன சொன்னா?"

"அங்க வெயில் வந்துட்டு" என்றேன்.