சித்தப்பாவுக்கு உடம்பு சரியில்லை

கள்ளக்குறிச்சியில் எங்கள் கிறிஸ்தவ சபை நடத்திய சேவை மையத்துக்கு நான் சனிக்கிழமைதோறும் போய்க்கொண்டிருந்தேன். சம்பளம் கிடையாது. கணவருக்குப் பம்புசெட் கடை, பிள்ளைகள் இருவரும் வெளியூரில் படிப்பு, வீட்டு வேலைக்கு ஆள் உண்டு. பொழுது போகவில்லை என்று சொல்லாமல் ஊழியம் என்று சொல்லிக்கொண்டேன். வந்து குவியும் பழைய துணிகளைப் பிரித்துக் கொடுப்பேன், தையல் வகுப்புப் பெண்களுக்கு அளவெடுக்கச் சொல்லித் தருவேன், மலைக்கு மருந்து வண்டி போனால் முதல் ஆளாக ஏறி உட்கார்ந்துகொள்வேன். எதைச் செய்தாலும் கொஞ்சம் சத்தமாகவே செய்வேன். நாலு பேர் பார்க்காவிட்டால் செய்த மாதிரியே இருக்காது எனக்கு.

மையத்தை ஒட்டிப் பெண்பிள்ளைகளுக்கு ஒரு விடுதி இருந்தது. சாப்பாடு, துணி, புத்தகம், டவுன் பள்ளியில் படிப்பு எல்லாம் இலவசம். ஆனால் அப்பா இல்லாத பிள்ளைகளுக்கு மட்டும்தான் இடம். பணம் அனுப்புகிறவர்கள் எங்கேயோ தூரதேசத்தில் உட்கார்ந்து வைத்த நிபந்தனை அது. அப்பா குடிகாரனாக இருந்தாலும், படுத்த படுக்கையாகக் கிடந்தாலும், உயிரோடு இருந்தால் பிள்ளைக்கு இடமில்லை. வார்டனம்மா இதில் கறார். நானும்தான். "ரூல் அப்படிம்மா, நாங்க என்ன பண்றது" என்று எத்தனையோ தாய்மார்களை வாசலோடு திருப்பி அனுப்பியிருக்கிறேன். அவர்கள் போன பிறகு நிம்மதியாகக் காபியும் குடித்திருக்கிறேன்.

அந்தச் சிறுமியை நான் முதலில் வெள்ளிமலைக்கு அப்பால் ஒரு சிற்றூரில் பார்த்தேன். மருந்து வண்டியோடு போயிருந்தோம். நான் டானிக் பாட்டில் எடுத்துக் கொடுத்துக்கொண்டிருந்தேன். வாங்கிய கிழவி ஒருத்தி அங்கேயே மூடியைத் திறந்து வாயில் கவிழ்க்கப் போக, பக்கத்தில் நின்ற பொடிசு ஒன்று பாட்டிலைப் பிடுங்கி, ஒட்டியிருந்த தாளை எழுத்துக்கூட்டிப் படித்தது. "சாப்ட்ட பொறவு ஒரு ஸ்பூனு. இப்பிடியே குடிச்சா வயித்தால ஊத்திக்கும், வூட்டுக்கு எடுத்துக்கினு போ" என்று அதட்டியது. அதற்குப் பிறகு பாட்டில் வாங்கிய எல்லோரும் அவளிடம் போய் நின்றார்கள். எனக்கு வேலையே இல்லாமல் போய்விட்டது. எனக்குக் கோபம் வந்திருக்க வேண்டும், வரவில்லை. இவளை எப்படியாவது கீழே கொண்டுபோய்ப் படிக்க வைத்துவிட வேண்டும் என்று ஒரு வெறி வந்தது.

அவள் வீட்டுக்கே போனேன். அம்மா வாசலில் மரவள்ளிக் கிழங்கு சீவிக்கொண்டிருந்தார். அப்பா கரும்பு வெட்டுகிறவர். ஆலை ஓடுகிற மாதங்களில் மலையிறங்கி கச்சிராயபாளையம் பக்கம் வந்துவிடுவார், மற்ற நாட்களில் சொந்தமாகக் கொஞ்சம் சாமை விதைப்பார். சிரித்த முகம்.

"அஞ்சாவது முட்ச்சிட்டா. இங்க வாத்தியாரே எப்பவாவதுதான் வராரு. கீழ வச்சிப் படிக்க வைக்க எங்கிட்ட இன்னா கீதுங்க?" என்றார்.

விடுதியைப் பற்றிச் சொன்னேன். அப்பா இல்லாத பிள்ளைகளுக்கு மட்டும் என்பதையும் சொன்னேன்.

அவர் சிரித்தார். "அப்ப நான் செத்துட்டேன்னு சொல்லிக்கங்க."

விளையாட்டாகச் சொன்னதுதான். நானும் சிரித்துவிட்டு எழுந்து வந்திருக்கலாம். வரவில்லை. "ஒரு பேச்சுக்குத்தானே, யார் வந்து பாக்கப் போறாங்க?" என்றேன். அவர் சிரிப்பை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார், மகளைப் பார்த்தார். பிறகு மெதுவாகத் தலையாட்டினார். அம்மா கத்தியைக் கீழே வைத்தார். "இன்னா பேச்சு இது, வெளக்கு வக்கிற வூட்ல" என்று சொல்லிவிட்டு உள்ளே போனார், நாங்கள் கிளம்பும் வரை வெளியே வரவில்லை. அந்த மனிதரேதானே சொன்னார், நானா சொன்னேன் என்று பின்னால் பல வருஷம் இதைப் பிடித்துக்கொண்டு தொங்கியிருக்கிறேன்.

வார்டனம்மா என்னிடம் சான்று எதுவும் கேட்கவில்லை. "நீங்க சொன்னா சரிதாங்க" என்று படுக்கை ஒதுக்கிவிட்டார். சபையில் எனக்கு அவ்வளவு பேர். அன்று இரவு சாப்பிடும்போது கணவரிடம் பெருமையாகச் சொன்னேன். அவர் சாம்பாரை ஊற்றிக்கொண்டே, "உன் தான தருமத்துக்கு ஊர்ல எவனாவது சாகணுமாக்கும்" என்றார். அவர் எப்போதும் இப்படித்தான், எதிலும் ஒரு நக்கல். நான் முகத்தைத் திருப்பிக்கொண்டேன்.

பிள்ளைக்குப் பாடம் சொல்லிக் கொடுத்ததும் நான்தான். "யார் கேட்டாலும் அப்பா இல்லன்னு சொல்லணும், புரிஞ்சுதா?"

"ஊர்ல கீறாரே ஆன்ட்டி."

"ஊர்ல இருக்கார். இங்க இல்லல்ல? இங்க இல்லன்னுதான் சொல்றோம்."

இது பொய்யே இல்லை என்று எனக்கே அப்போது தோன்றியது. என் புத்திசாலித்தனத்தை நினைத்து சந்தோஷப்பட்டேன். அவள் கெட்டிக்காரி, உடனே பிடித்துக்கொண்டாள். ஒரு தடவைகூட உளறவில்லை. வெளிநாட்டிலிருந்து யாராவது பார்க்க வந்தால் வரிசையில் நின்று, தன் முறை வரும்போது, "எனக்கு அப்பா இல்லை" என்று தெளிவாகச் சொல்வாள். அதை இங்கிலீஷில் மொழிபெயர்ப்பது நான். அந்த அம்மாக்கள் கண்ணைத் துடைத்துக்கொண்டு அவளைக் கட்டிப் பிடிப்பார்கள். அப்புறம் என் கையையும் பிடித்துக் குலுக்குவார்கள்.

பிள்ளையைப் பார்க்க மாதம் ஒருமுறை தாய்மார்கள் வரலாம். அவள் அம்மா முதல் தடவை வந்தபோது நெற்றி நிறையக் குங்குமமும் தலையில் கனகாம்பரமுமாகப் பஸ்ஸிலிருந்து இறங்கினார். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. கேட்டுக்கு வெளியிலேயே மறித்தேன். பொட்டை அழித்துவிட்டு, பூவை எடுத்துவிட்டு, தாலியை ஜாக்கெட்டுக்குள் போட்டுக்கொண்டு போகச் சொன்னேன்.

அவர் அசையாமல் நின்றார். "அவரு நல்லா கீறப்ப நான் எப்பிடிம்மா அழிக்கறது?"

"பொட்டுல என்னம்மா இருக்கு? எங்கள்ல யாரும் வைக்கறதே இல்ல. நாங்க நல்லா இல்லயா?" என்றேன்.

எனக்கு அதில் ஒன்றுமில்லை, அவருக்கு எல்லாமே இருந்தது. அது தெரியாத அளவுக்கு நான் முட்டாள் இல்லை. தெரிந்துதான் சொன்னேன். அவர் முந்தானையை எடுத்து நெற்றியைத் துடைத்தார். பூவை எங்கே வைப்பது என்று தெரியாமல் சுற்றும் முற்றும் பார்த்து, கடைசியில் என் கையில் கொடுத்தார். பிறகு வந்த எல்லா மாதமும் நான் சொல்ல வேண்டியிருக்கவில்லை. கேட்டுக்கு முன்னால் இருந்த புளியமரத்தடியில் ஒதுங்கி, தானே துடைத்துக்கொண்டு வந்தார். என்னோடு மட்டும் பேசுவதை நிறுத்திவிட்டார்.

அப்பா உள்ளே வர வழியில்லை. கரும்பு வெட்டு நாட்களில், வேலை இல்லாத காலையில் டவுனுக்கு வந்து, விடுதிக்கு எதிரில் இருந்த டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்திருப்பார். பிள்ளைகள் பள்ளிக்கு வரிசையாக நடந்து போவார்கள். அவள் அந்த வரிசையில் முகத்தைத் திருப்பாமல் போவாள். அவர் கையில் டீ ஆறிக்கொண்டிருக்கும். ஒருநாள் வார்டனம்மா கவனித்துவிட்டு, "யாரு அந்த ஆளு, உன்னையே பாக்குறான்?" என்று கேட்டாராம். "சித்தப்பா" என்று கண் இமைக்காமல் சொல்லியிருக்கிறாள். அவளுக்குச் சித்தப்பாவே கிடையாது. இதை என்னிடம் அவள் சொன்னபோது, "அடி சாமர்த்தியக்காரி" என்று கன்னத்தைத் தட்டிக் கொடுத்தேன். அதற்குப் பிறகு பலாச்சுளையோ தேனோ அவர் கொண்டு வந்து என்னிடம் கொடுத்தால், சித்தப்பா கொடுத்தது என்று எல்லோர் முன்னாலும் நானே அவளிடம் கொடுப்பேன்.

இப்படியே அவள் பத்தாவது வந்துவிட்டாள். வகுப்பில் அவள்தான் முதல். என் பேரும் சேர்ந்து வளர்ந்தது.

அரசுத் தேர்வு நடந்துகொண்டிருந்தது. மறுநாள் கணக்குப் பரீட்சை. கரும்பு வெட்டுகிற ஆள் ஒருவர் எங்கள் கடைக்கு ஓடி வந்து, அவள் அப்பாவைக் கரும்புக்காட்டில் பாம்பு கடித்துவிட்டது, பெரியாஸ்பத்திரியில் போட்டிருக்கிறது என்று சொன்னார். அந்த ஆஸ்பத்திரிக்கும் விடுதிக்கும் நடந்து போகிற தூரம்தான். நான் போனபோது அவருக்குக் கண் இமை இரண்டும் தொங்கிப் போயிருந்தது. பேசப் பார்த்தார், நாக்கு புரளவில்லை. மத்தியானப் பஸ்ஸில் அவர் மனைவி வந்து சேர்ந்தார். எத்தனையோ வருஷத்துக்குப் பிறகு என்னிடம் பேசினார்.

"பாப்பாவ இட்டுக்கினு வாங்கம்மா."

விடுதிக்கு ஓடினேன். வார்டனம்மா பிள்ளைகளைப் படிக்க உட்கார வைத்துக்கொண்டிருந்தார். அவளுடைய சித்தப்பாவுக்கு உடம்பு சரியில்லை, ஆஸ்பத்திரியில் இருக்கிறார், ஒரு தடவை கூட்டிப் போய்க் காட்டிவிட்டு வருகிறேன் என்றேன்.

"பெத்த அப்பான்னா கூடப் பரவால்ல, அனுப்பலாம். சித்தப்பாவுக்கெல்லாம் அனுப்பினா நாளைக்கு அவ கணக்கு எப்பிடிங்க எழுதுவா? ஆஸ்பத்திரிய பாத்துட்டு வந்து பயந்துக்கினு கெடப்பா. நீங்களே சொல்லுங்க."

சொல்லியிருக்க வேண்டும். அவர்தான் பெற்ற அப்பா என்று ஒரே ஒரு வாக்கியம். வாய்வரை வந்தது. சொன்னால் பரீட்சை நடுவில் அவளை வெளியே அனுப்பிவிடுவார்களே என்று நினைத்தேன். அது நிஜம்தான், ஆனால் பாதி நிஜம். மீதிப் பாதி என்னைப் பற்றியது. ஞாயிற்றுக்கிழமை சபையில் எந்த முகத்தோடு உட்காருவேன், நான் வாசலோடு திருப்பி அனுப்பிய தாய்மார்கள் என்ன சொல்வார்கள் என்ற பயம். அந்த மீதிப் பாதிதான் வாயை அடைத்தது.

"ஆமாங்க, பரீட்சை முடியட்டும்" என்றேன்.

திரும்பி வந்து அவர் மனைவியிடம், பரீட்சை முடிந்ததும் வந்துவிடுவாள் என்றேன். அவர் கணவரின் காதருகில் குனிந்து, "பாப்பா வருது, வந்துக்கினே கீது" என்று சொல்லிக்கொண்டிருந்தார். விடிவதற்கு முன்னால் அவள் அப்பா போய்விட்டார். உடலை மலைக்கு எடுத்துப் போக என் கணவர் வண்டி ஏற்பாடு செய்தார். அன்று அவர் நக்கல் பேசவில்லை. பேசியிருந்தால் தேவலை என்று இருந்தது.

நான் பரீட்சை முடியும் நேரத்துக்குப் பள்ளி வாசலில் போய் நின்றேன். அவள் வெளியே வந்து என்னைப் பார்த்ததுமே நேராக வந்தாள். மற்ற பிள்ளைகளுக்குக் கேட்காதபடி, "அப்பா போயிட்டாரா ஆன்ட்டி?" என்றாள்.

எப்படித் தெரியும் என்று கேட்டேன்.

"நேத்தே வார்டனம்மா சொன்னாங்க, உன் சித்தப்பாவுக்கு ஒடம்பு சரியில்லயாம், எக்ஸாம் முடிச்சிட்டுப் போய்ப் பாருன்னு. சித்தப்பான்னா யாருன்னு எனக்குத் தெரியாதா?"

தெரிந்துகொண்டேதான் ராத்திரி முழுக்கக் கணக்குப் போட்டிருக்கிறாள். தெரிந்துகொண்டேதான் பரீட்சை எழுதியிருக்கிறாள். அப்போதுதான் அழுதாள். விடுதிப் பிள்ளைகள் ஓடி வந்து சூழ்ந்துகொண்டார்கள். யாருக்கு என்ன என்று கேட்டார்கள். "சித்தப்பா செத்துட்டாரு" என்றாள். ஒருத்தி அவள் தோளைத் தட்டி, "சித்தப்பாவுக்கா இப்பிடி அழுவுற? எனக்கு எங்கப்பாவே செத்துட்டாரு" என்றாள். இவள் சட்டென்று கண்ணைத் துடைத்துக்கொண்டு நின்றாள்.

நானே பஸ்ஸில் கூட்டிக்கொண்டு போனேன். கோமுகி அணை தாண்டி மலை ஏறினோம். நாங்கள் போவதற்குள் எடுத்துவிட்டிருந்தார்கள். வெயில் காலம், வைத்திருக்க முடியாது என்றார்கள். அவள் பையை என் கையில் போட்டுவிட்டு, புதைத்த இடத்துக்கு ஓடினாள். "அப்பா, அப்பா" என்று அவள் கத்தியது மலை முழுக்கக் கேட்டிருக்கும். அவரை அவள் வாய்விட்டு அப்படிக் கூப்பிட்டு அன்றுதான் நான் கேட்டேன். என்னால் கிட்டே போக முடியவில்லை. பையை வைத்துக்கொண்டு பாதையிலேயே நின்றேன்.

அவள் அம்மாவிடம் மன்னிப்புக் கேட்க வாயெடுத்தேன். அவர் என்னைத் திட்டியிருந்தால் காலில் விழுந்திருப்பேன். அவர் தண்ணீர் சொம்பை என் முன்னால் வைத்துவிட்டு, "இன்னும் பரீட்ச கீதாமே. நாளைக்கு இட்டுக்கினு போங்க" என்று மட்டும் சொன்னார்.

மறுநாள் கீழே வரும் பஸ்ஸில் அவள் ஜன்னலோரம் உட்கார்ந்து அறிவியல் புத்தகத்தைப் பிரித்து வைத்திருந்தாள். அவள் கையைப் பிடித்துக்கொண்டு, "எக்ஸாம் முடிஞ்சதும் பாஸ்டர்கிட்டயும் வார்டனம்மாகிட்டயும் எல்லா உண்மையும் நான் சொல்லிடறேன்மா" என்றேன்.

அவள் நிமிர்ந்து, புரியாதவள் போல என்னைப் பார்த்தாள்.

"எதுக்கு ஆன்ட்டி? இப்பத்தான் நெசமாயிடுச்சே. இனிமே பொய் சொல்ல வேணாமில்ல."

கோபமாகச் சொல்லவில்லை. எனக்கு ஆறுதல் சொல்வதாக நினைத்துத்தான் சொன்னாள். சொல்லிவிட்டுப் புத்தகத்தின் அடுத்த பக்கத்தைத் திருப்பினாள். அதைக் கேட்டதும் எனக்கு முதலில் வந்தது அழுகை இல்லை, நிம்மதி. நான் யாரிடமும் சொல்லவில்லை.